முதல் கார் ஆடியோ போட்டிக்குப் போகும் முன்: நடுவர் எதற்கு மதிப்பெண் போடுகிறார்?

கோயம்புத்தூர் நண்பர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவரிடம் ஒரு ஸ்விஃப்ட் இருக்கிறது. முன்கதவுகளில் ட்வீட்டர் எனும் கீச்சொலி ஸ்பீக்கர் தனியாக வரும் கம்போனன்ட் ஸ்பீக்கர்கள், டிக்கியில் 12 இன்ச் சப்வூஃபர் (அடி ஒலியான பேஸுக்குரிய ஸ்பீக்கர்) பெட்டி, மேலே '1500 வாட்' என்று அச்சிட்ட ஒரு ஆம்ப், அதோடு ஒரு சிறிய டிஎஸ்பி (ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் தாமதத்தையும் தனித்தனியே திருத்தும் கருவி) ஆகியவற்றைக் கடைக்காரர் பொருத்திக் கொடுத்திருக்கிறார். பேஸைக் கேட்ட நண்பர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். அடுத்த மாதம் பக்கத்து ஊரில் கார் ஆடியோ போட்டி நடக்கப்போகிறது. அதில் கலந்துகொள்ளலாமா, எந்தப் பிரிவில் பெயர் கொடுப்பது, இன்னொரு சப்வூஃபர் வாங்கினால் பரிசுக்கு வாய்ப்பு உண்டா என்பவை அவருடைய கேள்விகள். எதை வாங்குவது என்று அவர் கேட்டாலும், அதற்கு முன்பாகத் தெரிய வேண்டியது நடுவர் எதைக் கவனிக்கிறார் என்பதுதான். கார்களில் ஒலியமைப்புப் பொருத்தி ட்யூன் செய்வது என் தொழில். உள்ளூர்ப் போட்டிகளில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய வண்டியை நான் கேட்டதில்லை. ஆகவே எல்லா வண்டிகளுக்கும் பொதுவானதை உறுதியாகவும், அவருடைய வண்டிக்கு மட்டும் உரியதை ஊகமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில், 'கார் ஆடியோ போட்டி' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு ஆட்டங்கள் நடக்கின்றன. ஒன்று ஒலியழுத்தப் போட்டி; எஸ்பிஎல் என்பார்கள். மற்றது ஒலித்தரப் போட்டி, எஸ்க்யூ என்பார்கள். எஸ்பிஎல்லில் நடுவரின் காதுக்கு வேலையே இல்லை. வண்டியின் கண்ணாடி ஓரமாக ஒரு சென்சாரைப் பொருத்தி, கதவுகளை அடைத்து, சில வினாடிகள் ஒரே அதிர்வெண்ணை முழு வலுவில் ஒலிக்கவிட்டு, திரையில் வரும் டெசிபல் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் வேய்ன் ஹாரிஸ் தொடங்கிய டிபி டிராக் ரேசிங்கில் இரண்டு வண்டிகளை ஒலியில் ஒன்றோடொன்று போட்டியிடவிட்டு, தோற்ற வண்டியை வெளியேற்றுவது வழக்கம். அங்கே உச்ச நிலை வண்டிகள் 180 டெசிபலைத் தாண்டியிருக்கின்றன. அவை சாலையில் ஓட்டும் வண்டிகளாகவே இருப்பதில்லை. எஸ்க்யூ இதற்கு நேர் எதிர். நடுவர் இருக்கையில் அமர்ந்து, குறிப்பிட்ட ஒலித்தடங்களைச் சாதாரண ஒலியளவில் கேட்டு, தாளில் மதிப்பெண் இடுகிறார். அமெரிக்காவின் ஐயாஸ்கா, ஐரோப்பாவின் எம்மா ஆகிய அமைப்புகளின் விதிகள் இதற்குப் பெயர் பெற்றவை. எம்மா விதிகளின்படி இந்தியாவிலும் மலேசியாவிலும் போட்டிகள் நடந்திருக்கின்றன. நம் ஊரில் கடைக்காரர்கள் கூடி நடத்தும் சிறு போட்டிகள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத் தழுவி, வசதிக்கேற்பச் சுருக்கிக்கொண்டவை.

நண்பர்கள் பாராட்டும் பேஸ் இந்த இரண்டு ஆட்டங்களிலும் நேரடியாகப் பயன்படாது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. எஸ்பிஎல் கணக்கு இரக்கமற்றது. ஆம்பின் ஆற்றலை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது ஏட்டளவில் 3 டெசிபல்தான். 10 டெசிபல் கூட வேண்டுமானால் ஆற்றல் பத்து மடங்காக வேண்டும். ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) சூடேறியதும் அந்த ஏட்டுக் கணக்கும் முழுதாகக் கைக்கு வராது. பெட்டிக்குள் ஒலிக்கும்போது ஸ்பீக்கரின் மின்தடையும் உயர்வதால், ஒரு ஓம் என்று நம்பிய சுமை இரண்டு, மூன்று ஓமாகி, ஆம்ப் தரும் ஆற்றல் குறைந்துபோகும். ஆம்பின் மேலே அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸ்களைப் பாருங்கள். இரண்டு 15 ஆம்பியர் ஃபியூஸ்கள் இருந்தால் மொத்தம் 30 ஆம்பியர், 13.8 வோல்ட்டில் அது ஏறத்தாழ 414 வாட் உள்ளே போவதைக் குறிக்கும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத டி கிளாஸ் ஆம்பில் நான்கில் மூன்று பங்கு வெளியே வருவதாகக் கொண்டால், தொடர்ந்து தரக்கூடியது 300 வாட்டுக்குச் சற்று மேல். உண்மையான 1000 வாட்டைப் பெற 95 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் வேண்டும். சிறிய காரின் ஆல்டர்னேட்டர் வண்டியின் மற்றத் தேவைகளோடு சேர்த்து அவ்வளவைத் தாங்காது. இரண்டாவது சப்வூஃபரை வாங்கி அதே ஆம்பில், அதே பேட்டரியில் மாட்டினால் கூம்பின் பரப்பு கூடுவதால் கொஞ்சம் பலன் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ஆற்றலையும் கேபிளையும் பெட்டி அளவையும் திட்டமிட்டு வரும் வண்டிகளின் முன்னால் அந்தக் கொஞ்சம் நிற்காது. ஆற்றலளவை வைத்துப் பிரிவுகளைப் பிரித்திருந்தால் மட்டும் மிகக் குறைந்த ஆற்றலுக்கான பிரிவில் ஒருமுறை அளந்து பார்க்கலாம்; நுழைவுக் கட்டணத்துக்கு ஓர் எண் கிடைக்கும்.

ஆகவே எஸ்க்யூவில் சேருங்கள் என்பதே என் பரிந்துரை. அதில் பணம் உதவும்; ஆனால் பணத்தைவிடப் பொறுமை அதிகம் உதவும். நடுவர் உள்ளே வந்ததும் செய்வதைச் சொல்கிறேன். இருக்கையைச் சரிசெய்துகொண்டு, தலையை நேராக வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். முதல் கேள்வி: பாடகர் எங்கே நிற்கிறார்? நல்ல வண்டியில் குரல் டேஷ்போர்டின் நடுவே, கண் மட்டத்துக்கு அருகில், ஒரு முகத்தின் அகலத்தில் கேட்கும். ட்யூன் செய்யாத வண்டியில் அது வலது கதவின் ஸ்பீக்கரிலிருந்து ஓட்டுநரின் முழங்காலை நோக்கி வரும். அடுத்தது, மேடை (இசை நிகழ்வதாகக் காதுக்குத் தோன்றும் இடம்) எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், எவ்வளவு உயரம் என்பது. இதற்கென்றே இடமிருந்து வலமாக ஐந்து அல்லது ஏழு புள்ளிகளில் முரசடி விழும் சோதனைத் தடம் உண்டு. அடிகள் சம இடைவெளியில் ஒரே உயரத்தில் நகர வேண்டும். பிறகு நாதம்: ஒவ்வொரு கருவியும் தன் இயல்பான குரலில் ஒலிக்கிறதா, பேஸ், நடுப்பகுதி, மேற்பகுதி மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். பேஸ் பின்னாலிருந்து வருவதாகத் தெரிந்தாலே மதிப்பெண் குறையும். டிக்கியில் இருக்கும் சப்வூஃபர் முன்னால் கேட்க வேண்டும். எஸ்க்யூவில் பாதி வித்தை இதுதான்.

இதற்கு முதல் கருவி ஐம்பது ரூபாய் இஞ்ச் டேப். நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்வதால் வலக்கதவு ஸ்பீக்கரின் ஒலி முந்தி வருகிறது; முந்தி வரும் ஒலியின் திசையைத்தான் மூளை பாடகர் நிற்கும் இடமாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் வழக்கமாக உட்காரும் நிலையில் இருக்கையை நிறுத்தி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் தலையின் நடுப்பகுதிவரை அளந்து எழுதுங்கள். எடுத்துக்காட்டாக வலக்கதவு 90 சென்டிமீட்டர், இடக்கதவு 135, சப்வூஃபர் 180 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்கிறது. மிகத் தொலைவில் உள்ள சப்வூஃபருக்குத் தாமதம் பூஜ்யம். இடக்கதவு அதைவிட 45 சென்டிமீட்டர் அருகில் இருப்பதால் 1.3 மில்லிசெகண்ட், வலக்கதவுக்கு 2.6. இந்த எண்களை டிஎஸ்பியில் இட்ட அந்த நொடியே குரல் முழங்காலை விட்டு எழுந்து நடுவுக்கு வருவதைக் கேட்பீர்கள். ட்வீட்டர்களைத் தனிச் சேனலில் ஓட்டினால் அவற்றையும் தனியே அளக்க வேண்டும். கம்போனன்டோடு வந்த கிராஸ்ஓவர் பெட்டி (ஒலியை அதிர்வெண்வாரியாக ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தருவது) வழியாக ஓட்டினால் ட்வீட்டரைப் பிரிக்க முடியாது, மிட்பேஸுக்கான (கதவிலுள்ள பெரிய ஸ்பீக்கருக்கான) எண்ணோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டியதுதான். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. கதவு ஸ்பீக்கர்களுக்கு டேப்பின் அளவு ஏறத்தாழ நம்பத்தக்கது. சப்வூஃபருக்கு அது தொடக்கம் மட்டுமே. அதிர்வெண்களைப் பிரிக்கும் ஃபில்டரே ஒலியைத் தாமதப்படுத்துவதால், கதவு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சந்திக்கும் கிராஸ்ஓவர் பகுதியில், அதாவது 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை, தாமதத்தைச் சிறிது சிறிதாக மாற்றியும் சப்வூஃபரின் போலாரிட்டியை, அதாவது ப்ளஸ்-மைனஸ் இணைப்பைத் திருப்பியும் பார்த்து, எந்த நிலையில் பேஸ் முன்னால் வந்து இறுகுகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். சப்வூஃபர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் ஒலிக்கும்படி வெட்டுங்கள். 120 வரை விட்டால் ஆண் குரலின் அடிப்பகுதி டிக்கிக்குப் போய்விடும்.

நாதத்தைச் சரிசெய்வது நீண்ட வேலை. அளவீட்டு மைக்ரோஃபோன் ஒன்றும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருளும் இருந்தால் பாதி வழி கடக்கலாம். ஒரே புள்ளியில் அளக்காமல், தலை இருக்கும் பகுதியில் மைக்கை மெதுவாக நகர்த்தி எடுத்த சராசரியைப் பாருங்கள். இடது, வலது இரண்டையும் தனித்தனியே அளந்து ஒன்றுக்கொன்று ஒத்திருக்கச் செய்வது, அழகான ஒரு வளைகோட்டை எட்டுவதைவிட முக்கியம். ஒரு பக்கம் 1000 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் தூக்கலாக இருந்தால், தாமதத்தை எவ்வளவு சரியாக வைத்தாலும் குரல் அந்தப் பக்கம் சாயும். தூக்கலாக இருப்பதைக் குறையுங்கள். பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள். எதிரொலிகள் ஒன்றையொன்று அழிப்பதால் விழும் பள்ளத்தில் எவ்வளவு ஆற்றலைக் கொட்டினாலும் அது நிரம்பாது, ஆம்ப்தான் சூடாகும். கார் அறை சிறியது என்பதால் கீழ் அதிர்வெண்கள் தாமே பெருகிவிடும். அடிப்பேஸ் நடுப்பகுதியைவிட 8 முதல் 10 டெசிபல் வரை உயர்ந்திருப்பது காதுக்கு இயல்பாகவே படும். உங்கள் வண்டியில் அது இன்னும் அதிகமாக இருக்கும் என்பது என் ஊகம். மிருதங்கப் பதிவொன்றைப் போட்டுப் பாருங்கள். தொப்பியின் கும்காரம் அடித்த இடத்திலேயே எழுந்து அடங்க வேண்டும். அடித்த பிறகும் வண்டிக்குள் உருண்டுகொண்டிருந்தால் 50, 60 ஹெர்ட்ஸில் குறைக்க வேண்டியது இருக்கிறது. வலந்தலையின் 'நம்' தெளிவாக ஒலிக்காமல் மரப்பெட்டியைத் தட்டியதுபோல் கேட்டால் கதவைக் கவனிக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கச்சேரியையோ, கோயிலில் நாகஸ்வரத்தையோ அருகிலிருந்து கேட்டுப் பழகிய காது, இந்த வேலையில் எந்தப் படிப்பையும் விட உதவும். திரைப்பாடல்களை மட்டும் கேட்டு ட்யூன் செய்வதை நான் விரும்புவதில்லை. பலவற்றில் ஒலிப்பதிவே இறுக்கப்பட்டிருப்பதால் வண்டியின் குறை எது, பதிவின் குறை எது என்று பிரிக்க முடியாது.

கதவுகளுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் பணம் போக வேண்டிய இடம் இதுதான். தொழிற்சாலைக் கதவின் உட்தகட்டில் கை நுழையும் அளவுக்குத் துளைகள் இருக்கும். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டும் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி அந்தத் துளைகள் வழியாக வந்து முன்பக்க ஒலியை அழித்துவிடுவதால் மிட்பேஸ் மெலிந்து, கடைக்காரர் சப்வூஃபரைக் கூட்டி அதை ஈடுகட்டியிருப்பார். வெளித்தகட்டின் உட்புறம் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை ரோலரால் அழுத்தி ஒட்டி, உட்தகட்டின் துளைகளையும் அடைத்து, ஸ்பீக்கரை நீர் பட்டாலும் ஊதாத வளையத்தில் இறுக்கிப் பொருத்தினால் அதே ஸ்பீக்கர்கள் வேறு ஸ்பீக்கர்களாக ஒலிக்கும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் உங்கள் ஊர்க் கடைகளிலும் டேம்பிங் ஷீட் எளிதாகக் கிடைக்கும். கருப்புத் தார் ஷீட்டை வாங்காதீர்கள். நம் வெயிலில் அது இளகி வழிந்து, மாதக்கணக்கில் நாறும்.

போட்டித்தாளில் ஓசை இல்லாமைக்கு என்று தனி மதிப்பெண் உண்டு. புதியவர்கள் அதைக் கோட்டைவிடுவார்கள். நடுவர் எதுவுமே பதிவாகாத ஒரு தடத்தை ஓட்டி, என்ஜினை இயக்கச் சொல்லி, ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்வார். என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்டால் அது ஆல்டர்னேட்டர் இரைச்சல். ஆம்பின் எர்த் வயர் வண்ணப்பூச்சின் மேலே முறுக்கப்பட்டிருப்பது, ஒலிச் சமிக்ஞை செல்லும் ஆர்சிஏ கேபிளைப் பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருப்பது, ஆம்பில் உள்ளே வரும் சமிக்ஞையைப் பெருக்கும் கெயினை அளவுக்கு மீறித் திருப்பியிருப்பது ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணம். பிறகு வண்டியின் சொந்த ஓசைகள். 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓட்டிவிட்டு, ஒரு நண்பரை வண்டியைச் சுற்றிக் கைவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின் நம்பர் பிளேட் முதலில் பிடிபடும். அடுத்து டிக்கி மூடியின் உட்பலகை, சன் வைசர், சீட் பெல்ட் கொக்கி. டேஷ்போர்டில் பிள்ளையார் இருந்தால் அன்று ஒருநாள் அவரைக் கையுறைப் பெட்டிக்குள் எழுந்தருளச் செய்யலாம். அவர் ஆடுவது ஒருபுறம், ட்வீட்டரின் ஒலி அவர்மேல் பட்டுத் திரும்புவதும் மேடையைக் குழப்பும்.

பொருத்திய விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. அதில் அழகுக்கு முன்னால் பாதுகாப்பு. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் முதன்மை ஃபியூஸ் இருக்க வேண்டும். அந்த ஃபியூஸ் காப்பாற்றுவது ஆம்பை அல்ல, கேபிளை. கேபிள் எங்காவது தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் வண்டி எரியாமல் தடுப்பது அதுதான். என்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் குரோமெட் (கேபிள் உரசாமல் காக்கும் வளையம்) வேண்டும். சப்வூஃபர் பெட்டியை வண்டியோடு போல்ட்டால் பிணைக்க வேண்டும். கட்டப்படாத கனமான பெட்டி, மோதலின்போது பின்னிருக்கைக்காரரின் முதுகில் வந்து இறங்கும். கேபிளின் மேலே எழுதிய 'கேஜ்' எண்ணை நம்பாமல், முனையைச் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், அதே பருமனுள்ள செம்பின் மின்கடத்தலில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் தரும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயம் இல்லை. இனிச் சொல்பவற்றில் தொழிலில் இருப்பவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விலையுயர்ந்த ஆர்சிஏ கேபிள், தங்கமுலாம் பூசிய முனை, புதிய ஸ்பீக்கரைப் பல நாள் ஓட்டிப் பழக்குவது ஆகியவற்றால் நடுவருக்குக் கேட்கும் அளவுக்கு மாற்றம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். கண்ணை மூடிக் கேட்டுக் கண்டுபிடித்தவரை நான் பார்த்ததில்லை. ட்வீட்டரை முன்தூணில் வைப்பதா, கதவின் கண்ணாடி முக்கோணத்தில் வைப்பதா என்பதற்குப் பொதுவிடை கிடையாது. ஒட்டுமுன் கையில் பிடித்துத் திருப்பிக் கேட்டுப் பார்ப்பதே வழி. ஒட்டும்போது இருபக்க டேப்பை மட்டும் நம்ப வேண்டாம், மதிய வெயிலில் பசை இளகி ட்வீட்டர் கூரையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். நடுவர்களும் மனிதர்கள், ஒரே வண்டிக்கு இருவர் தரும் மதிப்பெண் வேறுபடுவது இயல்பு. அருகில் ஜெனரேட்டர் ஓடும் மைதானத்தில், ஏசியை அணைத்த வண்டியில், காலையிலிருந்து கேட்டுக் களைத்த காதுக்கு மாலை ஐந்து மணி வண்டி எப்படிக் கேட்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. முடிந்தால் முற்பகலில் முறை வாங்குங்கள்.

பெயர் கொடுக்கும் முன் விதித்தாளைக் கேட்டு வாங்குங்கள். ஐயாஸ்கா முறையில் ரூக்கி, அமெச்சூர் என்று புதியவர்களுக்குத் தனிப் பிரிவுகள் இருப்பதுபோல், உங்கள் போட்டியிலும் தொடக்கப் பிரிவு இருக்கிறதா, ஓட்டுநர் இருக்கையிலிருந்து மட்டும் கேட்பார்களா அல்லது முன்னிருக்கைகள் இரண்டிலிருந்துமா என்பவற்றை அதில் பார்க்க வேண்டும். இரண்டு இருக்கைகளிலிருந்தும் கேட்பார்கள் என்றால் மேலே சொன்ன தாமதக் கணக்கு பாதி பயனற்றது. ஓட்டுநருக்குச் சரியாவது பக்கத்து இருக்கைக்குத் தவறாகும். நடத்தும் கடையின் வாடிக்கையாளர்களே போட்டியிட, அதே கடையின் ஊழியர் நடுவராக இருந்தால், கோப்பையை மறந்துவிட்டு மதிப்பெண் தாளுக்காக மட்டும் போங்கள். அந்தத் தாளில் நடுவர் எழுதும் இரண்டு வரிக் குறிப்பு நுழைவுக் கட்டணத்துக்கு மேல் பெறும். எழுதாவிட்டால் பணிவாகக் கேட்டால் பெரும்பாலோர் சொல்வார்கள். சோதனைத் தடங்களை முன்கூட்டியே வாங்கி வீட்டில் கேளுங்கள். போட்டியில் ப்ளூடூத்தை நம்பாமல் பென்டிரைவில் இரண்டு பிரதி வைத்திருங்கள்.

எஸ்பிஎல் வண்டிகள் வரிசைக்கு அருகில் நின்று வேடிக்கை பார்ப்பதாக இருந்தால் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் தாங்குவது 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷின் வரையறை. ஊருக்குள் சோதித்துப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம்.

இரண்டாவது சப்வூஃபரைப் பற்றிய உங்கள் கேள்விக்கு: இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டு முன்கதவுகளுக்கும் டேம்பிங் ஷீட், நல்ல செம்புக் கேபிள், முதன்மை ஃபியூஸ் ஆகியவற்றை வாங்குங்கள். மிச்சம் இருந்தால் அளவீட்டு மைக். போட்டி முடிந்த பிறகு, மதிப்பெண் தாளில் பேஸுக்கு எதிரே நடுவர் 'போதாது' என்று எழுதியிருந்தால் அப்போது மறுபடி கேளுங்கள்.